சந்தையில் ஒரு பிரதிஷ்டை

ஜூன் 9, ஞாயிறு

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் அஜிதா இந்த டைரியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். தினமும் இரண்டு வரி எழுதினால் மனசு லேசாகுமாம். என் மனசு கனமாக இருக்கிறது என்று இவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

இரண்டு வரி ஆகிவிட்டது. இருந்தாலும் இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தேரிவிளை சபையின் பெண்கள் சங்கத்துக்கு இது பவள விழா ஆண்டு. எழுபத்தைந்து வருடமாக இந்த ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று கலயத்தில் எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகிறோம். அந்த அரிசியை விற்ற காசு சங்கத்தின் பெயரில் பாங்கில் கிடக்கிறது. அதைக் கொண்டு கோயில் வாசலில் சலவைக்கல் வளைவு கட்டுவதாகக் கமிட்டி பேசி முடித்துவிட்டது. கமிட்டியில் எல்லாரும் ஆண்கள். செயலாளர் என் கணவர்.

பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் நான். அவர் மனைவி என்பதால் நான். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டிய தீர்மானத்தை அவரே டைப் அடித்துத் தந்துவிட்டார். எந்த இடத்தில் மூச்சு விடவேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டிருக்கிறார். ரிட்டையர் ஆகி எட்டு வருடம் ஆகிறது, இன்னும் ஊருக்கு அவர் ஹெட்மாஸ்டர்தான். வீட்டுக்கும்.

ஜூன் 11, செவ்வாய்

சாளை மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன். மரியபுஷ்பம் தராசைத் தூக்கிப் பிடித்தாள், "மைனி, ஒங்களுக்குன்னு பெரிசா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள், அப்படியே கூடையின் மேல் சாய்ந்துவிட்டாள். பதினைந்து வருடமாக எனக்கு மீன் தருகிறவள். ஓங்குதாங்கான பெண். அவள் விழுந்ததும் கூடை உருண்டு மீனெல்லாம் என் காலடியில் கிடந்தது.

சந்தை முக்கில் தையல் கடை வைத்திருக்கும் எப்சிபா ஓடிவந்தாள். எங்கள் சங்கத்தில் எல்லாரையும்விடச் சத்தம் கூடியவள். இருவரும் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். குடிக்கக் கொடுத்தால், கண் பாதி திறந்த நிலையிலும் மரியபுஷ்பம் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"குடி புள்ள," என்றாள் எப்சிபா.

"வேண்டாம். குடிச்சா போவணும்லா. எங்க போவ?"

விடியுமுன் கடற்கரையில் மீன் எடுத்துக் கிளம்பினால் வீடு போய்ச் சேர மதியம் மூன்று மணி. அதுவரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டாளாம். அவள் மட்டுமில்லை, சந்தையில் உட்காரும் இருபத்தாறு பெண்களும் அப்படித்தானாம். ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. 'பெண்கள்' என்று எழுதிய அறை ஒன்று உண்டு, அதைப் பூட்டி உள்ளே சந்தைக் குத்தகைக்காரர் வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நர்ஸ் சொன்னாள், சிறுநீரில் கிருமியாம், காய்ச்சலோடேதான் இத்தனை நாள் வியாபாரம் செய்திருக்கிறாளாம்.

வெளியே கிளம்பினால் நானும் தண்ணீர் குடிப்பதில்லை. அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

மதியம் ஹெட்மாஸ்டர் தட்டைப் பார்த்துவிட்டு, "மீன் எங்க?" என்றார். "மயங்கி விழுந்துட்டாவ," என்றேன். அவர் என்னையே பார்த்தார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கிற விஷயமே இல்லை. ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நான் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

ஆராதனை முடிந்து சங்கக் கூட்டம். புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் போதகரின் மனைவி பியூலாதான் தலைவி. சின்னப் பெண், ஏழு மாதக் கர்ப்பம். சின்னப் பெண்ணானாலும் எங்கள் வழக்கப்படி அவள் ஐயரம்மா, அவள் கணவர் ஐயர். அவள் ஜெபித்து முடித்ததும் நான் தாளை விரித்து, "பவள விழாவின் நினைவாக" என்று வாசித்தேன். அங்கே பென்சில் கோடு. மூச்சு விட்டேன். அந்த மூச்சோடு வெளியே வந்தது இதுதான்:

"ஒரு கக்கூஸ் கட்டுனா என்ன?"

கோயிலுக்குள் அந்த வார்த்தை கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்குமோ, ஒருவேளை இதுதான் முதல் தடவையோ. பிறகு பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பெஞ்சு பெஞ்சாக முன்னே வந்தது. சிரித்து முடித்து எல்லாரும் கண்ணைத் துடைக்கும் நேரத்தில் எப்சிபா எழுந்து மரியபுஷ்பத்தின் கதையைச் சொன்னாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"அதுக்காவ பிடியரிசிக் காசையா?" என்று கேட்டாள் ஒருத்தி. "கர்த்தர் என்ன நினைப்பாரு?"

ஐயரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மைனி, நம்மளப் படைச்சது அவருதான. எதை எங்க வச்சிருக்காருன்னு அவருக்குத் தெரியாதா? இந்தா, கூட்டம் தொடங்கி முக்கா மணி நேரம் ஆகுது. நான் மூணு தடவ எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டேன். எனக்கு வீடு பக்கத்துல இருக்கு. அவுகளுக்கு?"

எல்லாக் கையும் உயர்ந்தது. நோட்டில் 'ஏகமனதாக' என்று எழுதினேன். பத்து வருடமாக அந்த வார்த்தையை எழுதிவருகிறேன். இன்றுதான் அதற்கு அர்த்தம் இருந்தது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். பாதி இட்லியோடு எழுந்து போய்விட்டார். மீதியை நான் சாப்பிட்டேன். நல்ல பசி.

ஜூன் 21, வெள்ளி

ஐந்து நாளாகப் பேச்சில்லை. ஆனால் தபால் உண்டு. சாப்பாட்டு மேஜையில் கமிட்டி முத்திரையோடு ஒரு கவர் இருந்தது. 'பெறுநர்: செயலாளர், பெண்கள் சங்கம்.' கமிட்டி ஒப்புதல் இல்லாமல் சங்கப் பணத்தைத் தொடக்கூடாதாம், முப்பதாம் தேதி சபைப் பொதுக்கூட்டத்தில் முடிவாகுமாம். இப்படிக்கு, செயலாளர், ஆ. தேவசகாயம், எம்.ஏ., பி.எட்.

நானும் ஒரு கவரை எடுத்து, முறைப்படி பெறுநர், அனுப்புநர் எல்லாம் எழுதி, அவருடைய சாய்வு நாற்காலியில் வைத்தேன். 'தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். பொதுக்கூட்டத்துக்கு வருகிறோம். இன்று மதியம் சாம்பார், கோஸ் பொரியல்.'

சாப்பிட வந்தார். கோஸ் இரண்டு தடவை கேட்டு வாங்கினார். கை காட்டித்தான் கேட்டார்.

சாயந்தரம் அஜிதா போனில், "என்னம்மா, வார்த்தைக்கு வார்த்த சிரிக்கிற, காய்ச்சலா?" என்று கேட்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

பொதுக்கூட்டம். ஆண்கள் பக்கம் நிறைந்திருந்தது, பெண்கள் பக்கம் வழிந்தது. ஹெட்மாஸ்டர் நன்றாகப் பேசினார். அவர் எப்போதுமே நன்றாகப் பேசுவார்.

"கோயில் காசு கோயிலுக்குத்தான். சந்தையில இருக்கவங்கள்ல பாதிப் பேரு நம்ம சபையே கிடையாது, நம்ம வேதமும் கிடையாது."

"கர்த்தர் சபை ரிஜிஸ்டரப் பாத்துட்டா மழ பெய்ய வைக்காரு?" என்றாள் எப்சிபா, உட்கார்ந்தபடியே. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஹெட்மாஸ்டர் விடவில்லை. "இத்தன வருசமா யாராவது ஒரு பொம்பள வந்து கேட்டதுண்டா? இப்ப மட்டும் என்ன அவசரம்?"

நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் எழுந்தது எனக்கே தெரிந்தது.

"கேட்டாங்க," என்றேன். "எண்பத்தொம்பதுல ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் கேட்டாங்க. வாத்தியார்மாருக்கு இருந்துச்சு, டீச்சருக்கு இல்ல. மூணு மனு எழுதுனாங்க. மேல அனுப்புனா பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேருன்னு ஹெட்மாஸ்டர் மூணையும் டிராயர்ல வச்சுட்டாரு. அந்த டீச்சர் எட்டரைல இருந்து நாலரை வரைக்கும் தண்ணி குடிக்காம, அடக்கிக்கிட்டே பாடம் நடத்துனாங்க. அப்ப அவங்க அஞ்சு மாசம். நடுங்கிக் காய்ச்சல் வந்துச்சு. புள்ள தங்கல. அப்புறம் அவங்க வேலைய விட்டுட்டாங்க. ஊருல எல்லாரும், குடும்பத்தப் பாக்க விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

பெயர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஐயரே எழுந்து, சம்மதிக்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். எண்ணத் தேவையே இருக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது எப்போதும் எனக்கு நாலு எட்டு முன்னால் போகிறவர் இன்று பக்கத்தில் நடந்துவந்தார்.

அது ஆணா பெண்ணா என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. அவர் கேட்டாரா என்றும் தெரியாது.

ஜூலை 1, திங்கள்

எழுந்தபோது மேஜையில் காபி இருந்தது. நான் போடவில்லை. சர்க்கரை இல்லை, பால் ஏடு மிதந்தது. முழுவதும் குடித்தேன்.

ஜூலை 10, புதன்

இன்று சிரித்து விலா வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

இடம் பேரூராட்சியுடையது. அனுமதி கேட்டுச் செயல் அலுவலரை மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. குத்தகைக் காலம் முடியட்டும், ஃபைல் மேலே போயிருக்கிறது, அடுத்த மாதம் வாங்க என்றே சொல்லிவந்தார். இன்று முப்பத்திரண்டு பேர் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து தேறி வந்த மரியபுஷ்பமும், வெற்றிலைக் கடை பேச்சியம்மாளும் சந்தையிலிருந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த அறையில் அவ்வளவு பேர் நிற்க இடமில்லை, ஆனாலும் நின்றோம்.

"அடுத்த மாசம் பாக்கலாம்மா," என்றார் அவர்.

"சரி சார்," என்றாள் எப்சிபா, பூனை மாதிரி. "வந்தது வந்துட்டோம், ஒங்களுக்காவ ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுப் போயிருதோம்."

நல்ல மனுஷன். நெற்றியில் திருநீறு. மரியாதையாக எழுந்து கைகூப்பி நின்றார். பாவம், சங்கிலி ஜெபம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஒருத்தி ஜெபித்து முடித்ததும் அடுத்தவள் கையைத் தொடுவாள், அவள் தொடங்குவாள். சங்கிலி அறுபடக்கூடாது. நடுவில் யாரும் நகரக்கூடாது.

முதலில் அவர் வேலைக்காக ஜெபித்தோம். பிறகு மனைவி, பிள்ளைகள். ஏழாவதாக என் முறை. கண்ணை மூடியபடியே, "சார், அம்மா பேரு என்ன?" என்று கேட்டேன். "சண்முகவடிவு," என்றார். "ஆண்டவரே, சண்முகவடிவு அம்மாளுக்கு முட்டுவலி இல்லாமக் காத்துக்கொள்ளும். அவங்க பஸ்ஸுல ஏறி எந்த ஊருக்குப் போனாலும், அவசரத்துக்கு ஒதுங்க ஒரு இடத்த அவங்களுக்குக் கட்டளையிடும் தகப்பனே." ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபதாவது ஆள் முடிக்கும்போது வெளி அறை கிளார்க்குகள் கதவருகே வந்து நின்றார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கத்தோலிக்கப் பெண்ணான மரியபுஷ்பம் தன் முறை வந்ததும் இடுப்பிலிருந்து ஜெபமாலையை உருவினாள். ஐம்பத்துமூன்று மணி. ஒன்றுகூட விடவில்லை. பேச்சியம்மாள் முத்தாரம்மனைக் கூப்பிட்டு ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வேண்டிக்கொண்டாள். அவளுக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். கடைசியில் மெதுவாக, "அம்மா, ஒரு நிமிசம் வெளிய போயிட்டு வந்துருதேன்," என்றார்.

"எங்க சார்?" என்றாள் எப்சிபா, கண்ணைத் திறக்காமல்.

அவர் எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு அவரே முதலில் சிரித்துவிட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஓடினார். மீதி இருந்த நாலு பேர் ஜெபத்தைச் சந்தைக்குப் போகும் வழியில் முடித்தோம்.

ஜூலை 14, ஞாயிறு

பூட்டை உடைத்தாயிற்று. வெங்காயம் எட்டு மூட்டை. ஊரெல்லாம் அழுகல் வாடை. எங்களுக்கு மல்லிகை மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

எழுத நேரமில்லை. பழைய சுவரை இடித்து அஸ்திவாரத்திலிருந்து கட்டுகிறோம். நாலு அறை, கை கழுவ இடம், வாசலில் மீன் கூடை இறக்கிவைக்க ஒரு மேடை. மேடை மரியபுஷ்பத்தின் யோசனை.

நேற்று சங்கத்தில் பெரிய விவாதம். கட்டிய பிறகு கழுவுவது யார்? ஆள் வைக்கலாம் என்றார்கள். எந்த ஆளை வைப்போம், எந்தத் தெருவிலிருந்து கூப்பிடுவோம் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அந்தத் தெருக்காரங்களும் நம்மளோட பந்தில உக்காந்துதான நற்கருணை எடுக்காங்க?" என்று ஐயரம்மா கேட்டாள். நான் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, புதன்கிழமைக்கு நேராக என் பெயரைப் போட்டேன். தாள் சுற்றிவந்தபோது எல்லாக் கிழமையும் நிரம்பியிருந்தது. இரண்டு பேர் மட்டும் பெயர் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஐயரம்மாவுக்குப் பெண் குழந்தை. அழுகைச் சத்தம் எப்சிபாவை மிஞ்சுகிறது.

சந்தைக்குப் போனேன். மேஸ்திரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். எதிரே குடையும் இஞ்ச் டேப்புமாக ஹெட்மாஸ்டர்.

"படி ஒம்பது இஞ்சு இருக்கு," என்றார் மேஸ்திரியிடம். "தலையில கூடையோட ஒரு பொம்பள இதுல எப்படி ஏறுவா? நீரு ஏறிக் காட்டும் பாப்போம். இடியும். ஆறு இஞ்சு வையும்."

இங்கே அவர் எத்தனை நாளாக வருகிறார் என்று எனக்குத் தெரியாது. காலையில் நூலகம் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்.

மரியபுஷ்பம் கண்ணாடி ஒன்று பதிக்கவேண்டும் என்றாள். "கழிப்பறைக்கு எதுக்குக் கண்ணாடி?" என்றார் ஹெட்மாஸ்டர். "ஏன், எங்களுக்கும் மூஞ்சி இருக்குல்லா?" என்றாள் அவள். அவர், எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று டேப்பை நீட்டினார்.

"அப்ப கண்ணாடி உண்டா இல்லையா, யாரு சார் முடிவு சொல்லணும்?" என்றார் மேஸ்திரி.

"டீச்சர்கிட்ட கேளும்."

மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது.

கண்ணாடி வைக்கச் சொன்னேன். இரண்டாக வைக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஐயருக்குத் தூக்கமில்லையாம். ஜெபப் புத்தகத்தில் கோயில் பிரதிஷ்டைக்கு முறைமை இருக்கிறது, கல்லறைக்கு இருக்கிறது, கிணற்றுக்குக்கூட இருக்கிறது, இதற்கு இல்லை. "கிணத்து ஜெபத்தையே வாசிச்சிருதேன்," என்றார் கடைசியில். "இதுலயும் தண்ணி வருதுல்லா."

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து பவனியாகப் போனோம். முன்னால் சிலுவை, பின்னால் பாட்டுக்குழு, அதற்குப் பின்னால் நாங்கள். சந்தைப் பெண்கள் இருபத்தாறு பேரும் பூ வைத்து, நல்ல சேலை கட்டி, வாசலில் வரிசையாக நின்றார்கள். வாசலுக்குக் குறுக்கே மஞ்சள் ரிப்பன். மரியபுஷ்பம் வெட்டுவாள், அதற்கு முன் ஜெபம், ஜெபத்துக்குப் பின் நான் அறிக்கை வாசிப்பேன் என்று ஏற்பாடு. ஹெட்மாஸ்டர்தான் மைக்கில் ஒவ்வொன்றாக அறிவித்தார்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. இன்றைக்கு நம்பிப் போகலாம் என்பதால் அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்கிறார்கள். ஆசை தீரக் குடித்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் இரண்டு இளநீர் வேறு.

ஐயர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். நல்ல ஜெபம். உலகத்தில் உள்ள எல்லா நீரூற்றுகளுக்காகவும் நன்றி சொன்னார். ஆறுகளுக்கு வந்தார். மழைக்குப் போனார். எனக்குப் பக்கத்தில் நின்ற மரியபுஷ்பம், "மைனி, இது எப்ப முடியும்?" என்று என் காதில் கேட்டாள்.

"கடலுக்கு இன்னும் வரலியே," என்றேன்.

அவள் ரிப்பனைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள், மெதுவாகக் குனிந்து ரிப்பனுக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பின்னே பேச்சியம்மாள். அவள் பின்னே வரிசை முழுவதும், ஒருத்தி பின் ஒருத்தியாக, பூ உதிராமல் குனிந்து குனிந்து. ஐயர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவருக்கு எதிரே ஒருவருமில்லை. ரிப்பன் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது.

முதலில் சிரித்தது ஹெட்மாஸ்டர். குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, மைக்கை அணைக்கவும் தோன்றாமல் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதை இன்றுதான் பார்த்தேன்.

"பிரதிஷ்டை ஆயிட்டு," என்றார் ஐயர்.

என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டுக்குழு கீர்த்தனையை எடுத்துவிட்டது. இரண்டாவது அடியில் உள்ளேயிருந்து மரியபுஷ்பமும் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு அந்தப் பாட்டும் தெரியாது, ராகமும் தெரியாது.

அறிக்கையை நான் வாசிக்கவில்லை. கைப்பையை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய் வரிசையில் நின்றேன்.